பத்து நிமிட ஹேண்ட் ஓவர்

அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு பிரிண்டர் இருக்கிறது. அதில் பேப்பர் சிக்கிக்கொண்டதுபோல் நான் குனிந்து நோண்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தப் பிரிண்டரில் பேப்பரே இல்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அது தெரிந்திருந்தது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

உள்ளே கஸ்தூரி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் லைனின் லீடர். கை இரண்டையும் மடியில் கோத்து, முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூட குரூப் போட்டோவில் முன்வரிசையில் உட்காருவதுபோல. எதிரே பிளான்ட் மேனேஜர். புனே பக்கத்துக்காரர்; தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் ‘சீக்கிரம்’. பக்கத்தில் மனிதவளத் துறை அம்மையார், பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு.

இன்றைக்கு உங்கள் ஷிஃப்டில் என்ன நடந்தது என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே சத்தம் வராது. உதட்டை வைத்துச் சொல்கிறேன்.

கஸ்தூரியின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஏசி அறைக்குள் அவர் நெற்றியில் வேர்வை மின்னியது. மடியில் கோத்திருந்த கைகளில் வலது ஆள்காட்டி விரல் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி.

கட்டிப்போட்டவன் நான்.

மூன்றாவது விண்ணப்பம்

வல்லம் வடகாலில் எங்கள் தொழிற்சாலை காருக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்கிறது. காருக்கு நரம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஹாரன் அடித்து அது அலறினால், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி டேப் சுற்றிய வயர் வழியாகத்தான் அந்த அலறல் போயிருக்கும். நான் அங்கே ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். வயர் ரீல், டேப், கிளிப் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. மீதி நேரத்தில் படிப்பேன். மீதி நேரம் எது என்பதில் எனக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

கஸ்தூரி பிள்ளைப்பாக்கத்துக்காரர். பதினோரு வருடமாக லைன் லீடர். ஒரு மெஷின் இருமினால் அதற்கு சளியா ஆஸ்துமாவா என்று பத்தடி தள்ளி நின்று சொல்வார். ஆனால் சூப்பர்வைசர் ஆகவில்லை. ஏனென்றால் சூப்பர்வைசர் தினமும் மேனேஜர் முன்னால் ஆங்கிலத்தில் ஷிஃப்ட் நிலவரம் சொல்ல வேண்டும்.

முதல் நேர்முகத் தேர்வில் அழுதுவிட்டார். இரண்டாவதில் எல்லாக் கேள்விக்கும் ‘யெஸ் சார்’ என்றார். உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அதே பதில். ஒருவருக்கு மூன்று தடவைதான் என்பது எங்கள் கம்பெனி விதி. இந்தத் தடவையும் தவறினால், ரிட்டயர்மென்ட் வரை லைன் லீடர்தான்.

“நா டேப் சுத்த சொல்லிக் குடுத்த பசங்க சார்,” என்றார் ஒருநாள் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று. “இன்னிக்கு அவனுங்க கையெய்த்து போட்டாதான் எனக்கு லீவு. நீங்க எந்நேரமும் இங்லீஷ் பொஸ்தவம் பட்சிகினே கீறீங்களே, எனக்குக் கொஞ்சம் சொல்லித் தரக் கூடாதா?”

இங்கே ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். எண்ணூறு பக்க ஆங்கில நாவலை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிப்பேன். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விமான நிலையத்துக்குப் போனபோது, ஒரு காபி வாங்க விரலைத்தான் நீட்டினேன். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். நான் தலையாட்டினேன். காபியோடு ஒரு கேக்கும் வந்தது. சாப்பிட்டேன். வேறு வழி?

இப்படிப்பட்டவனிடம்தான் கஸ்தூரி பேச்சு ஆங்கிலம் கற்க வந்தார். நீச்சல் பற்றி நிறையப் படித்தவனிடம் நீச்சல் கற்பதுபோல. நான் ஒப்புக்கொண்டேன். மறுத்தால் எனக்கு ஆங்கிலம் பேசத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்குமே.

‘ஏ’யிலேயே ஒரு மாதம்

வகுப்பு கேன்டீன் மூலையில். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும்வரை கிடைக்கிற அரைமணி. (போன வாரம் பத்திரிகையின் இதே பக்கத்தில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒரு சாம்பார் ஊற்றுகிறார்கள். அதில் என் முகம் தெளிவாகத் தெரிகிறது.)

தலையணை தடிமனில் ஒரு அகராதி என்னிடம் இருந்தது. முழுக்க ஃப்ரேசல் வெர்ப். அதாவது கெட், புட், டேக், லுக் மாதிரி ஒரு சாதாரண வினை. அதன் பின்னால் அப், ஆஃப், அவுட், இன் என்று ஒரு குட்டிச் சொல். குட்டி வந்து ஒட்டிக்கொண்டதும் தாயின் குணமே மாறிவிடும். ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘லுக் இன்டூ’ என்றால் என்ன ஏது என்று விசாரி. ‘லுக் டவுன் ஆன்’ என்றால் இளக்காரமாகப் பார். வெள்ளைக்காரர்கள் எழுதும்போது பெரிய பெரிய சொற்களைப் போட்டாலும் பேசும்போது இவற்றால்தான் பேசுகிறார்கள் என்று முன்னுரையில் எழுதியிருந்தது. அதைக் கஸ்தூரியிடம் அப்படியே ஒப்பித்தேன்.

“நம்ம போட்டுக் குடுக்கறது மாரியா?” என்றார்.

“எது?”

“போடுன்னா போடறது. குடுன்னா குடுக்கறது. போட்டுக் குடுத்தான்னா, சூப்பர்வைசராண்ட போயி நம்மளப் பத்தி சொல்ட்டான். போட்டு வாங்கறதுன்னா வேற. போட்டுத் தள்றதுன்னா போலீஸ் கேசு.” டீயை உறிஞ்சினார். “அப்ப நம்மாண்டயும் கீது. இதுல அவுங்க இன்னா பெர்சா கண்டுபுட்ச்சிட்டாங்க?”

நாற்பது வருடம் படித்து நான் கவனிக்காததை டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். நல்ல ஆசிரியனாக இருந்திருந்தால் அங்கேயே அகராதியை மூடியிருப்பேன். நான் முறையானவன். முதல் பக்கத்திலிருந்து, அகர வரிசையில் தொடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து கஸ்தூரி சொன்னார்: “சார், கோச்சிக்காதீங்க. ‘ஏ’லயே ஒரு மாசம் பூட்ச்சி. இந்த ரேட்ல போனா ‘எம்’ வரச்சொல்ல எனக்கு ரிட்டயர்மென்ட்டு.”

விரல் நீட்டிச் சொல்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வந்தது. எந்த வேலையைச் செய்யும் முன்பும் அந்தப் பொருளை விரலால் சுட்டிக் காட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்ல வேண்டும். மெஷினைக் காட்டி ‘பவர் ஆன், ஓகே’. அதன் பாதுகாப்புக் கதவைக் காட்டி ‘கார்டு க்ளோஸ்டு, ஓகே’. கண்ணும் கையும் வாயும் சேர்ந்து செய்தால் தவறு குறையுமாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் வெட்கப்படுவார்கள். இரண்டாவது வாரம் பழகிவிடும். மூன்றாவது மாதம் வீட்டுக்குப் போயும் நிற்காது.

கஸ்தூரி படுக்கப் போகும்முன் கேஸ் அடுப்பைக் காட்டி ‘ஆஃப், ஓகே’ என்பார். பின்கதவைக் காட்டி ‘லாக், ஓகே’ என்பார். பிறகு பாயில் படுத்திருக்கும் கணவரைக் காட்டி எதுவும் சொல்லாமல் விளக்கை அணைப்பார். “எனக்கு மட்டும் ஏன் ஓகே சொல்ல மாட்டற?” என்று அவர் பல வருடமாகக் கேட்டுவருவதாகக் கேள்வி.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. மதியம் இரண்டு இருபதுக்கு மணி அடிக்கும். அடுத்த ஷிஃப்ட் லீடர் வந்து நிற்பார். போகிற லீடர் லைன் முழுக்க நடந்து, ஒவ்வொரு மெஷினையும் சுட்டிக்காட்டி நிலவரம் சொல்லி, ஷிஃப்டை ஒப்படைக்க வேண்டும். பத்து நிமிடம். ‘ஹேண்ட் ஓவர்’ செய்யாமல் யாரும் லைனை விட்டுப் போகக் கூடாது. காய்ச்சலாக இருந்தாலும் சரி, வீட்டில் கல்யாணமாக இருந்தாலும் சரி.

கஸ்தூரியிடமிருந்து ஷிஃப்டை வாங்குபவர் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம், ஒரகடத்தில் நான்கு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஷிஃப்ட் மாறினாலும் இருவரும் சேர்ந்தே மாறுவதால், இவர்கள் சிநேகம் முழுக்க ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்குள் மெஷின், மாமியார், மாப்பிள்ளை பார்க்கும் விவகாரம் எல்லாம் முடிந்துவிடும்.

‘ஏ’ வரிசையில் மாட்டிக்கொண்ட கதையை கஸ்தூரி அவரிடம் சொல்லியிருக்கிறார்.

“என்னத்துக்குக்கா புஸ்தகம்?” என்றாராம் பேச்சி. “தெனமும் எங்கிட்ட கைகாட்டித்தான சொல்லுதீய? அதையே இங்கிலீசுல சொல்லுங்க. நான் என்ன சிரிக்கவா போறேன்?”

சிரித்தார். முதல் நாள் லைனே சிரித்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கஸ்தூரி காலியான வயர் ரீலைக் காட்டினார், சொல் வரவில்லை, என்னைப் பார்த்தார். “ரன் அவுட்,” என்றேன். தீர்ந்துவிட்டது. “ரன் அவுட், ஓகே!” என்று கத்தினார். “தீந்து போச்சுன்னா அதுல என்னக்கா ஓகே?” என்றார் பேச்சி.

அன்றிலிருந்து அகராதி மூடப்பட்டது. மெஷின் தானாக நின்றால் ‘ப்ரோக் டவுன்’. நாமாக நிறுத்தினால் ‘ஷட் டவுன்’. இந்த வித்தியாசத்தை நான் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பேன். கஸ்தூரி ஒரு தடவை சுவிட்சை அணைத்துக் காட்டி முடித்தார். வேலைக்கு வராதவர் ‘டர்ன் அப்’ ஆகாதவர். அவர் இடத்தில் நிற்பவர் ‘ஸ்டாண்ட் இன்’. நாளைக்குப் பார்க்கலாம் என்று மெயின்டனன்ஸ்காரர் சொன்னால் அது ‘புட் ஆஃப்’. நல்லதையும் கெட்டதையும் இரண்டு டப்பாவில் பிரித்துப் போடுவது ‘சார்ட் அவுட்’. சிக்கலைத் தீர்ப்பதற்கும் அதுதான். சொல் ஒவ்வொன்றுக்கும் லைனில் ஒரு இடம் கிடைத்தது. விரல் போய் அந்த இடத்தைத் தொட்டால் வாயில் சொல் வந்து விழுந்தது.

ஒருநாள் கேன்டீனில் கஸ்தூரி கேட்டார்: “சார், இந்த கிவ் அப்பு, கிவ் இன்னு. ரெண்டும் ஒண்ணுதானே?”

நான் தொண்டையைச் செருமினேன். மேலோட்டமாகப் பார்த்தால் என்று ஆரம்பித்தேன். எங்கே முடிப்பதென்று தெரியவில்லை.

அவரே யோசித்துச் சொன்னார். “மாமியா சண்ட போடச்சொல்ல, சரி போ, நீ சொல்றதுதான்னு வாய மூடிக்கினா அது கிவ் இன்னு. இந்தக் குடும்பமே வேணாம்னு பொட்டியத் தூக்கினா கிவ் அப்பு. கரெக்டா?”

கரெக்ட் என்றேன்.

“நா நெறைய கிவ் இன் பண்ணிகீறேன் சார். கிவ் அப் பண்ணதில்ல.”

நாகரிகம்

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது படித்தவன் புகுந்தான்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. மேனேஜர் முன்னால் போய் இவர் கையை வீசி, மெஷினைக் காட்டுவதுபோல் அவர் மூக்கைக் காட்டிப் பேசினால் என்ன ஆவது? எனக்கு ராத்தூக்கம் போயிற்று. கண்ணியமானவர்கள் பேசும்போது கையை அசைப்பதில்லை என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். எழுதியவர் செத்து நூறு வருடம் ஆகியிருக்கும்.

“கை மடியில இருக்கணும்,” என்றேன். “அசையவே கூடாது.”

“கைய கட்டிகினா வாய் வராது சார்.”

“வரும். பழகணும்.”

அத்தோடு விட்டேனா? ‘புட் ஆஃப்’ என்பது கொஞ்சம் கடைத்தெரு பாஷையாக எனக்குப் பட்டது. ‘போஸ்ட்போன்’ என்று சொல்லச் சொன்னேன். ‘லுக் இன்டூ’ வேண்டாம், ‘இன்வெஸ்டிகேட்’. ‘ரன் அவுட்’ வேண்டாம், ‘எக்ஸாஸ்டட்’. ஒரு வாரம் ஹேண்ட் ஓவரில் ஆங்கிலம் பேசவும் தடை போட்டேன். பழைய சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளுமாம்.

“சார் சொல்லுதாவ, நமக்கென்ன தெரியும்?” என்றார் பேச்சி. அதில் கிண்டல் இருந்தது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று காலையிலிருந்து ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, நீளமான சொற்களாகப் பொறுக்கி அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல் தயாரித்தேன். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. கல்விப்பணி நடக்கிறபோது குறுக்கே வரலாமா?

இரண்டு மணிக்குப் பட்டியலை கஸ்தூரி கையில் திணித்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் போனார்.

மணி அடித்தது

அப்படித்தான் அந்தப் பிரிண்டருக்குப் பின்னால் நான் குனிந்திருந்தேன்.

உள்ளே மேனேஜர் கேள்வியை இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார். மனிதவள அம்மையார் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார். பதினோரு வருடம் ஒரு பேனா முனையில் வந்து நின்றது. என் பட்டியலில் இருந்த நாற்பது சொற்களில் ஒன்றுகூட அவர் உதவிக்கு வரவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான்.

அப்போது மணி அடித்தது. இரண்டு இருபது.

கஸ்தூரியின் முதுகு முதலில் அசைந்தது. பிறகு எழுந்துவிட்டார். தேர்வாவது, மேனேஜராவது! லைனில் பேச்சி வந்து நின்றிருப்பார். ஒப்படைக்காத ஷிஃப்ட் முடியாத ஷிஃப்ட். மடியிலிருந்த கை பிரிந்தது. என் பட்டியல் தரையில் விழுந்தது. வலது ஆள்காட்டி விரல் உயர்ந்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பிறகு கதவைக் காட்டியது.

அவரே போய்க் கதவைத் திறந்ததால் அடுத்து சொன்னது எனக்குக் கேட்டது.

“சார், ஐ ஹேவ் டு ஹேண்ட் ஓவர். யூ கம்.”

தொழிற்சாலை வரலாற்றில் பிளான்ட் மேனேஜரை யாரும் அப்படி அழைத்ததில்லை. மேனேஜர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் மூடியைப் பேனாவில் மாட்டினார். இருவரும் எழுந்து பின்னால் நடந்தார்கள். இல்லாத பேப்பரை விட்டுவிட்டு நானும் போனேன்.

மூன்றாம் லைனில் பேச்சி நின்றிருந்தார். ஊர்வலத்தைப் பார்த்ததும் ஒரு விநாடி கண் விரிந்தது. உடனே நிமிர்ந்து, “குட் ஆஃப்டர்நூன்க்கா. டெல் மீ,” என்றார். என் தடை அந்த இடத்தில் நொறுங்கியது.

கஸ்தூரி ஆரம்பித்தார்.

“டூ பீப்பிள் டிட் நாட் டர்ன் அப்.” விரல் இரண்டு இடங்களைக் காட்டியது. “பத்மா ஸ்டுட் இன்.” விரல் பத்மாவிடம் போனது, பத்மா தன்னையறியாமல் சல்யூட் அடித்தார். “நைன் ஓ க்ளாக், திஸ் மெஷின் ப்ரோக் டவுன். ஐ லுக்ட் இன்டூ இட்.” கழுத்தை நீட்டி, அன்று காலை பார்த்தது போலவே மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார். மேனேஜரும் எட்டிப் பார்த்தார். “பிளேடு வோர்ன் அவுட். மெயின்டனன்ஸ் புட் இட் ஆஃப். ஆஃப்டர் லஞ்ச், தே சே. ஐ டிட் நாட் கிவ் இன். தே கேம். சார்ட்டட் அவுட். ஓகே!”

“ஓகே!” என்றது லைன், பழக்க தோஷத்தில்.

இலக்கணம் ஓரிரண்டு இடத்தில் நொண்டியிருக்கலாம். அது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மேனேஜர் குறுக்கே ஒரு கேள்வி போட்டார். அடுத்த ஷிஃப்டில் அந்த பிளேடு மறுபடி தேய்ந்தால்? இது எங்கள் ஒத்திகையில் இல்லாதது.

கஸ்தூரி யோசிக்கவே இல்லை. விரல் மெஷினுக்குக் கீழே இருந்த இழுப்பறைக்குப் போனது. “ஒன் ஸ்பேர், ஐ செட் அசைட். இஃப் ஸ்பேர் ஆல்ஸோ வோர்ன் அவுட், ஷட் டவுன். டோன்ட் கேரி ஆன்.”

‘செட் அசைட்’. தனியே எடுத்து வைப்பது. அது ‘எஸ்’ வரிசை. அகராதியில் நான் ‘ஏ’யைத் தாண்டவே இல்லை; லைனிலும் இதைச் சொல்லித் தரவில்லை. அதை அவர் எங்கே பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேனேஜர் முகத்தில் முதல்முறையாகப் பல் தெரிந்தது. எனி அதர் ப்ராப்ளம் என்று கேட்டார்.

“யெஸ் சார்.” கஸ்தூரி காலி ரீல் ஒன்றைக் காட்டினார். “ட்வெல்வ் ஓ க்ளாக், ரெட் வயர் ரன் அவுட். ஐ ரங் அப் ஸ்டோர்ஸ். டூ டைம்ஸ். நோபடி பிக்ட் அப். ஃபார்ட்டி மினிட்ஸ், ஸ்டோர்ஸ் ஹெல்ட் அப் தி லைன்.”

ஸ்டோர்ஸ் நாற்பது நிமிடம் லைனைத் தாமதப்படுத்தியது. பிழையே இல்லாத வாக்கியம். அவசரமே இல்லாமல் விரல் சுழன்று வந்து என்மேல் நின்றது.

மேனேஜர் திரும்பினார். அம்மையார் திரும்பினார். முப்பது பெண்கள் திரும்பினார்கள். நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.

“அண்ட் ஹூ டாட் யூ இங்லீஷ்?” என்றார் மேனேஜர், கஸ்தூரியிடம்.

நீட்டிய விரல் இறங்கவே இல்லை. அங்கேயே நின்றது.

“ஸேம் பர்சன், சார்.”

மேனேஜர் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே ஒருகணம் அடங்கியது போலிருந்தது. அதன் நடுவே பேச்சி ஒரு அடி முன்னால் வந்து, கையை நீட்டி, “டேக்கிங் ஓவர், ஓகே,” என்றார். ஷிஃப்ட் கைமாறியது. மணி இரண்டரை.

நோட்டீஸ் போர்டு

மறுநாளே எனக்கு ஒரு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். எழுதத்தான் எனக்கு நன்றாக வருமே. ‘எதிர்பாராத காரணங்களால்’ என்பதற்கு நீளமாக ஒரு சொற்றொடர் போட்டு, ‘ஹெல்ட் அப்’ என்ற சொல் எங்கும் வராமல் சாமர்த்தியமாகத் தப்பித்திருந்தேன். அது திரும்பி வந்தது. ‘போன் ஏன் எடுக்கவில்லை?’ என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டைம் ஆபீஸ் வாசலில் கூட்டம். நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு தாள். எட்டிப் பார்க்க முடியாத உயரம் எனக்கு. இடித்துக்கொண்டு முன்னால் போனேன். யாரோ என் செருப்பை மிதித்தார்கள், வார் அறுந்தது.

ஷிஃப்ட் சூப்பர்வைசர், மூன்று மற்றும் நான்காம் லைன்: கஸ்தூரி.

படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு என்னையறியாமல் வலது கை உயர்ந்தது. கண்ணியமானவர்கள் செய்யாத காரியம். அத்தனை பேர் நடுவில், ஒற்றைச் செருப்போடு, அந்தப் பெயரைச் சுட்டிக்காட்டி, “கஸ்தூரி, ஓகே,” என்றேன்.

“கேக்கல சார்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். புதுத் தொப்பி, சூப்பர்வைசர்களின் மஞ்சள் தொப்பி. கொஞ்சம் பெரிதாக இருந்ததால் காதுவரை இறங்கியிருந்தது. “சத்தமா சொல்லணும். ரூல்ஸ் தெரியாதா?”

கையை இன்னும் உயர நீட்டி, கேட் செக்யூரிட்டி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.